கேள்வி பதில்: மேக்கப் இல்லாத படத்தை ஏன் கேட்கிறார்கள்?

போன இதழில் மொடலிங் போர்ட்போலியோ, அதாவது மொடல் வேலை தேடுகிறவர் தன்னைக் காட்ட அனுப்புகிற படத் தொகுப்பு, அதைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமும் இருந்து கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து சேர்ந்திருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலதை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டவர்கள் அதிகம், அதனால் யாருக்குமே பெயர் இல்லை, ஊர் மட்டும்.

கல்லடி வாசகி: எனக்கு 21 வயது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரே எனக்குப் போர்ட்போலியோவும் செய்து தந்தார். பாலத்தடி, பாசிக்குடா என்று இடம் மாற்றி, உடுப்பு மாற்றி எடுத்த 30 படம், எல்லாமே நல்ல வடிவு. கொழும்பில் ஒரு ஏஜென்சிக்கு அனுப்பினேன். "பொலரொய்ட் அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தக் கெமராவை இங்கே எங்கே வாங்கலாம்? இந்த 30 படத்தில் என்ன குறை?

கெமரா ஒன்றும் வாங்க வேண்டாம் தங்கச்சி, காசு கையிலேயே இருக்கட்டும். அவர்கள் கேட்பது மேக்கப் இல்லாமல், எடிட் பண்ணாமல், வெறும் சுவருக்கு முன்னால் நின்று எடுத்த சாதாரணப் படம். எட்வின் லேண்ட் என்பவர் 1947இல் செய்து காட்டி, அடுத்த வருடம் கடைக்கு வந்த கெமரா பொலரொய்ட். அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் படம் கையில் வந்துவிடும், நெகட்டிவை வைத்துப் பென்சிலால் தீட்டித் திருத்துகிற பழைய ஸ்டூடியோ வேலைக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் மொடல் ஏஜென்சிகளுக்கு அது பிடித்துப்போனது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால் சுவரோரம் நிற்க வைத்து நாலு படம் எடுத்து, உயரத்தையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். 2008இல் அந்தக் கம்பனி பிலிம் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. இப்போது கேட்பதெல்லாம் போனில் எடுக்கிற படம்தான், சில இடங்களில் "டிஜிட்டல்ஸ் அனுப்புங்கள்" என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான்.

30 படத்தில் குறை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திறந்து பார்க்கிற ஆளின் கதிரையில் இருந்து ஒருதரம் பாருங்கள். பாலம் வடிவு, வெளிச்சம் வடிவு, மேக்கப் வடிவு. இதில் உங்களுடைய பங்கு எவ்வளவு, மேக்கப் போட்டவரின் பங்கு எவ்வளவு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தோலைத் தேய்த்தவரின் பங்கு எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியாது. அவர் வாடகைக்கு எடுக்கப்போவது உங்களை மட்டும்தான். பாலத்தையும் ஸ்டூடியோக்காரரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் போகப்போவதில்லையே.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. நம் பக்கத்து ஸ்டூடியோக்களின் பெரிய வியாதி வெள்ளையாக்குவது. யாரும் கேட்காமலே இரண்டு படி வெள்ளை. கல்யாண அல்பத்தில் அதை வீட்டுக்காரர் விரும்பிக் கேட்டால் அது அவர்கள் பாடு, ஆனால் வேலை தேடி அனுப்புகிற படத்தில் அது நேரடியாக வயிற்றில் அடிக்கும். கைத்தறிச் சாரிக்கு விளம்பரப் படம் எடுத்த ஒரு இடத்தில் நான் நின்றிருக்கிறேன். போர்ட்போலியோவைப் பார்த்து ஒரு பிள்ளையை வரச் சொல்லியிருந்தார்கள். வந்த பிள்ளை நல்ல கருப்பு, நல்ல களை, உண்மையில் படத்தைவிட நேரில் வடிவு. ஆனால் சாரி நிறம், பின்னால் கட்டின துணி, மேக்கப் சாமான் எல்லாமே படத்தில் இருந்த வெள்ளைப் பிள்ளைக்காக எடுத்து வைத்தது. மேக்கப் அக்கா யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின் தாடைக்குக் கீழே மூன்று பவுண்டேஷனைக் கோடு கோடாகப் பூசிப் பார்த்தார், மூன்றும் சாம்பல் பூத்த மாதிரி நின்றது. அவரிடம் இருந்த கடும் நிறமே அதுதான். காலை நேர வெளிச்சம் அதிலேயே போய்விட்டது. கடைக்காரர் அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. மருதமுனைச் சாரியின் கடும் சிவப்பும் மஞ்சளும் அந்தத் தோலில் எப்படி எடுபட்டிருக்கும் என்று அங்கே நின்ற எங்களுக்குத் தெரியும், ஆனால் தயாராகி வந்தது வேறு ஆளுக்கு.

ஆகவே உங்கள் 30இல் மிக நல்ல 10, 12 படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோக்காரரிடம் அந்தப் பத்துக்கும் உங்கள் சொந்த நிறத்திலேயே பிரதி கேளுங்கள், மூலப் படம் அவரிடம் இருக்கும். அதோடு முதலில் சொன்ன மேக்கப்பும் எடிட்டும் இல்லாத வெறும் படம் எட்டைப் புதிதாக எடுத்துக் கடைசியில் சேருங்கள். ஏஜென்சிக்காரர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார், யோசிக்க வேண்டாம்.

ஏறாவூர் வாசகர்: சரி, அந்த எட்டுப் படத்தை எப்படி எடுப்பது? என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது, ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசு இல்லை. செல்பி அனுப்பினால் என்ன?

தம்பி, செல்பி மட்டும் வேண்டாம். கை நீளத்துக்குள் கெமரா வந்தால் முகத்தில் எது முன்னால் நிற்கிறதோ அது வீங்கிவிடும். 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்பியில் மூக்கு, 5 அடியில் இருந்து எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்காவில் மருத்துவர்கள் 2018இல் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மூக்கைப் பார்த்து "வேண்டாம்" என்று சொன்னால் அது உங்கள் மூக்காகவாவது இருக்க வேண்டாமா?

வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள், உம்மாவோ தங்கச்சியோ யாரும் சரி. போனின் பின்பக்கக் கெமரா, அதைப் பனியனில் ஒருதரம் துடைத்துவிட்டு எடுங்கள், எண்ணெய்க் கை பட்டால் படம் புகை மூட்டமாக வரும். எடுப்பவர் ஆறேழு அடி தள்ளி நிற்கட்டும், முகத்தை மட்டும் எடுக்கும்போது கிட்ட வராமல் போனில் 2 மடங்கு என்று இருக்கிறதை அழுத்தட்டும். முழு உருவம் எடுக்கும்போது போனை இடுப்பு உயரத்துக்கு இறக்கிப் பிடிக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விடுவார்கள். நின்றபடி கண் உயரத்தில் பிடித்து எடுத்தால் தலை பெரிசாகவும் கால் கட்டையாகவும் வரும், ஆறடி ஆளும் ஐந்தடியாகிவிடுவார்.

வெளிச்சம்: வெயிலில் நிற்க வேண்டாம், விறாந்தையில் நில்லுங்கள். நமக்குச் சூரியன் கடல் பக்கமாக எழும்புகிறது, கிழக்கு வாசல் வீட்டு விறாந்தையில் காலையில் நேரே முகத்தில் அடிக்கும், அங்கே பின்னேரம் எடுங்கள். மேற்கு வாசல் என்றால் காலை. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கிற நாள் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, முற்றத்தில் எங்கே நின்றாலும் நிழல் விழாது. டியூப் லைட்டின் கீழே, பிளாஷ் போட்டு, இரவில் என்று தொடங்க வேண்டாம்.

சுவருக்கு வருகிறேன். நம் வீடுகளுக்குப் பச்சையும் நீலமும் ரோசுமாகத்தான் பெயின்ட். அந்த நிறம் சும்மா பின்னால் நிற்காது, கன்னத்தில் தெறிக்கும். பச்சைச் சுவரோரம் நின்றவருக்குக் காய்ச்சல் வந்த மாதிரி முகம் விழும். ஊரில் நிறையக் கிடைக்கிற ஒரு சாமான் இருக்கிறது, பூசிவிட்டுப் பெயின்ட் அடிக்கக் காசில்லாமல் விட்டிருக்கிற சீமெந்துச் சுவர். ஸ்டூடியோக்காரர்கள் காசு கொடுத்துச் சாம்பல் நிறத் துணி வாங்குகிறார்கள், உங்களுக்கு அடுத்த வீட்டு மதிலிலேயே அது கிடக்கிறது. மூன்றடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். வெள்ளைப் பெட்ஷீட் கட்டுவதென்றால் அயர்ன் பண்ணிக் கட்டுங்கள்.

உடுப்பு: உடம்போடு நிற்கிற கறுப்போ வெள்ளையோ டீசேர்ட், எழுத்தும் படமும் இல்லாதது, சாதாரண ஜீன்ஸ், வெறுங்கால். தொப்பி, கண்ணாடி, சங்கிலி எதுவும் வேண்டாம். பிறகு நில்லுங்கள்: நேரே முழு உருவம், பக்கவாட்டில் முழு உருவம், பின்புறம், அரையாகத் திரும்பி இடுப்பு வரை. அப்புறம் முகம் மட்டும் நேரே, சிரிக்காமல் ஒன்று, பல் தெரியச் சிரித்து ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எட்டு முடிந்தது. தலைமயிர் நீளமான பெண்பிள்ளைகள் முகப் படத்தைக் கட்டியும் விரித்தும் எடுக்க வேண்டும், காதும் கழுத்தும் தெரியாவிட்டால் நகைக் கடைக்காரர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? போஸ் வேண்டாம். கையைத் தொங்கவிட்டு, தேசிய அடையாள அட்டைக்கு நிற்கிறதைவிட ஒரு சொட்டு இலேசாக நின்றால் போதும்.

போனில் "பியூட்டி" என்று ஒன்று இருக்கும், பல போன்களில் வாங்கின நாளில் இருந்தே அது வேலை செய்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. அதைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். பின்பக்கத்தை மங்கலாக்குகிற போர்ட்ரெயிட்டும் வேண்டாம், காதோர மயிரை அது பிய்த்துத் தின்றுவிடும். அனுப்பும்போது மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் என்றால் டொகுமென்ட்டாகப் போட்டு அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் கெடுத்துவிடும். எடுத்த மாதம், உயரம், மார்பு, இடுப்பு, சப்பாத்து அளவு, இவ்வளவையும் கீழே எழுதுங்கள். உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டி எழுதுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது, படத்தில் பொய் இல்லாமல் பார்த்துவிட்டு அளவில் பொய் சொல்வது என்ன கணக்கோ.

காத்தான்குடி வாசகி: நான் ஹிஜாப்போடுதான் வேலை செய்வேன், அபாயா, ஸ்கார்ப் விளம்பரங்கள் செய்யத்தான் ஆசை. "வெறும் படம்" என்றால் தலையைத் திறந்து எடுக்க வேண்டுமா?

வேண்டாம். வேலையில் எப்படி நிற்பீர்களோ அப்படியே எடுங்கள், அதுதான் இந்தப் படத்தின் நோக்கமே. பூவும் கல்லும் இல்லாத ஒரே நிற ஸ்கார்ப், நெற்றியும் தாடையும் முழுதாகத் தெரிகிற மாதிரி. அபாயா கறுப்பு என்றால் ஸ்கார்ப் வேறு நிறமாக இருக்கட்டும், இரண்டும் கறுப்பானால் போன் வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க வைத்துவிடும். தோள் அகலமும் உயரமும் தெரிகிற மாதிரி நீளச் சட்டையோடு ஒரு முழு உருவப் படமும் வேண்டும். மேக்கப் இல்லை என்கிற விதி உங்களுக்கும் உண்டு, புருவப் பென்சில் உட்பட.

இன்னொன்று, ஹிஜாப்போடு மட்டும்தான் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், ஒப்பந்தம் வந்தால் அதிலும் எழுதச் சொல்லுங்கள். சோமாலியப் பின்னணியுள்ள அமெரிக்க மொடல் ஹலிமா ஏடன் 2017இல் ஐஎம்ஜி என்கிற பெரிய ஏஜென்சியில் சேர்ந்தபோது ஹிஜாப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினவர். அப்படி இருந்தும் போகப் போகத் தன் ஹிஜாப்பை வேறு எதை எதையோ வைத்துச் சுற்றவிட்டதாகச் சொல்லி 2020இல் தொழிலை விட்டு விலகினார். எழுதி வைத்தவருக்கே அப்படியென்றால் வாய்ப் பேச்சை நம்பிப் போகிறவருக்கு என்ன பிடிமானம்?

அக்கரைப்பற்றில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்: நீங்கள் இப்படி எழுதினால் எங்கள் பிழைப்பு என்னாகும்? படத்தில் பரு தெரிந்தால் வாங்குகிறவர் அந்த இடத்திலேயே சண்டைக்கு வருகிறார். எடிட்டே பண்ணக் கூடாதா?

சண்டைக்கு வருகிறவர்களை எனக்கும் தெரியும் அண்ணன், நானும் அந்தத் தொழில்தான். எடிட் பண்ணக் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. கெமரா செய்த பிழையைத் திருத்துங்கள், சாய்ந்திருந்தால் நிமிர்த்துங்கள், இருட்டென்றால் கூட்டுங்கள், மஞ்சள் அடித்திருந்தால் நிறத்தைச் சரியாக்குங்கள். வெறும் படத்தில் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர்ட்போலியோவின் மற்றப் படங்களில் அன்றைக்கு வந்த பருவை எடுக்கலாம், அது அடுத்த கிழமை தானாகப் போகிறது. மறு, தழும்பு, மூக்கின் வளைவு, இடுப்பின் அகலம், தோல் நிறம் இவை போகாது, இவற்றில் கை வைத்தால் வேறு ஆளைச் செய்கிறீர்கள்.

வெளியிலும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. பிரான்சில் 2017 ஒக்டோபரில் இருந்து மொடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றின வணிகப் படத்தில் "திருத்திய படம்" என்று போட வேண்டும் என்பது சட்டம். நோர்வேயில் 2022 ஜூலையில் இருந்து விளம்பரத்தில் உடம்பின் அளவையோ வடிவத்தையோ தோலையோ மாற்றினால் அடையாளம் போட வேண்டும். இங்கே நமக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் உங்களிடம் வருகிற பிள்ளை நாளைக்கு அங்கே இருக்கிற கம்பனிக்கும் படம் அனுப்பக் கூடும்.

பிழைப்பு என்றீர்கள். போர்ட்போலியோ வேலை எடுக்கும்போது எட்டு வெறும் படத்தையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். மேக்கப் போட முதல் கால் மணித்தியாலம், ஆள் வந்து முகம் கழுவினவுடன் எடுத்துவிடலாம். அதை எடுத்துக் கொடுக்கிற ஸ்டூடியோவைத் தேடி ஆள் வரும்.

வாழைச்சேனை வாசகி: சின்ன வயதில் விழுந்து நாடியில் தழும்பு. மறைத்தே எடுக்கவா?

காட்டி எடுங்கள். படப்பிடிப்பு அன்று மேக்கப் அக்கா அதை ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவார், ஆனால் அது இருக்கிறது என்று முதலே தெரிந்தால்தான் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்குவார். சில பேருக்கு அந்தத் தழும்பே பிடித்துப்போகும். பிடிக்காதவர் வீட்டிலிருந்தபடியே "இல்லை" என்று சொல்லிவிட்டால் உங்களுக்குக் கொழும்பு பஸ் காசு மிச்சம்.

கல்முனையில் இருந்து ஒரு அண்ணன்: தங்கச்சிக்கு 19 வயது. மொடல் ஏஜென்சி என்று ஒருவர் இன்ஸ்டகிராமில் கதைக்கிறார். "பொலரொய்ட் வேண்டும், நீச்சல் உடுப்பில் வேண்டும், இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு" என்கிறார். பதிவுக் கட்டணமும் கேட்கிறார். இது வழமையா?

இல்லை. வெளிநாட்டுப் பெரிய ஏஜென்சிகள் நீச்சல் உடுப்புப் படமும் கேட்பதுண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது நேரில் கண்டு, ஆள் யார் என்று தெரிந்து, ஒப்பந்தம் பேசுகிற கட்டத்தில் வருவது. முகம் தெரியாத ஒருவர் முதல் நாளே, இன்றைக்கே என்று அவசரப்படுத்திக் கேட்டால் அவருக்குத் தேவை மொடல் இல்லை. டீசேர்ட், ஜீன்ஸ் போட்ட எட்டுப் படமே யாருக்கும் முதல் கட்டத்துக்குப் போதும். காசு விஷயமும் அப்படித்தான், ஏஜென்சி என்றால் வேலை எடுத்துத் தந்து அந்தச் சம்பளத்தில் தன் பங்கைக் கழிக்கும், முன்னாலேயே பதிவுக்கு, போர்ட்போலியோவுக்கு என்று கேட்காது.

தங்கச்சியை ஏச வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையை எல்லாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு ஆளைத் தடை செய்யுங்கள், கதையை அழிக்க வேண்டாம். ஏற்கனவே ஏதும் அனுப்பியிருந்து மிரட்டல் வந்தால் காசு கொடுக்காமல் 1938க்கு எடுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை என்றால் 1929. கொழும்புக்கு நேரில் போவதென்றால் நீங்களும் கூடவே போங்கள், ஒழுங்கான இடம் அதற்கு முகம் சுளிக்காது.

திருக்கோவில் வாசகர்: வெறும் படம் எடுத்து ஒரு ஏஜென்சியில் கொடுத்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்குக் கோயிலில் மொட்டை போடுவதாக நேர்த்தி இருக்கிறது. இப்போது என்ன செய்ய?

நேர்த்தியை முடியுங்கள், சாமியைக் காத்திருக்க வைக்க வேண்டாம். மொட்டை போட்ட பிறகு அதே சுவரடியில் நின்று எட்டுப் படத்தையும் திரும்ப எடுத்து அனுப்புங்கள், பழையதை எடுத்துவிடச் சொல்லி ஒரு வரியும் எழுதுங்கள். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருதரம், போனால் ஆறு மாதம், அதற்குள் புதிது எடுக்க வேண்டும், முடி வெட்டினாலோ தாடி விட்டாலோ உடம்பு கூடிக் குறைந்தாலோ உடனே. தலை நல்ல உருண்டையாக இருந்தால் அந்த மொட்டைப் படத்துக்கே வேலை வந்தாலும் வரும். வராவிட்டால் முடி ஒரு அங்குலம் வளர்ந்ததும் இன்னொரு எட்டு.